பெண்ணுக்குக் கட்டிய வில்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், இந்த மொன்றியல் நகரத்தில் என்னென்ன கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தை அண்டிய கிழக்குப் பக்கத்தில் ஒரு பலெட் யார்ட் கட்டினேன். கப்பலிலும் ட்ரக்கிலும் சாமான் அடுக்குகிற பலகைத் தட்டுகளைத்தான் இங்கே பலெட் என்பார்கள். அவை உடைந்தால் என்னிடம் வரும். ஆணி நெம்புகிற ஒரு அலவாங்கும் ஒரு சுத்தியலும் கொண்டு தனியாகத் தொடங்கினேன். பிற்காலத்தில் இருபத்தாறு பேர் அங்கே வேலை செய்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் ஒரு வீடு கட்டினேன். சென்ட் லோரன்டில் பழைய குடோன் ஒன்றில் எங்கள் கோயில் தொடங்கியபோது சாமிக்கு மேடை அடித்தவன் நான். மற்றவர்கள் கூட்டம் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அடித்து முடித்துவிட்டேன். மூன்று பிள்ளைகளை ஆளாக்கினேன். எல்லாவற்றுக்கும் கடைசியாக, என் நடுவிரல் நீளத்தில் ஒரு சின்ன வில் செய்தேன்.

யார்ட் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி மாடிக் கட்டடம் நிற்கிறது. கோயில் வேறு இடத்துக்குப் போனபோது மேடையை உடைத்துக் குப்பையில் போட்டார்கள். பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளோடு பிரெஞ்சில் கதைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் என்னைக் கண்டால் ஒரு 'போன்ஜூர்' சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கிறார்கள். அந்த வில் மட்டும் இருக்கிறது. நகரத்தில் ஒரு காட்சிக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், மங்கிய விளக்கின் கீழே, நீளமான கயிறு ஒன்றில் கட்டியபடி கிடக்கிறது. பக்கத்து அட்டையில் இரண்டு மொழியில் எழுதியிருக்கிறது, செய்தவர் தெரியவில்லை என்று.

செய்தவர் இன்னும் சாகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கயிற்றுக்குச் சொந்தக்காரர் என் யார்ட்டில் பதினொரு வருடம் வேலை செய்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு பனிக்காலத்தில் வேலை கேட்டு வந்தார். மெலிந்த உடம்பு, ஆனால் மணிக்கட்டு இரண்டும் மரக்கட்டை. உடைந்த பலெட்டைப் பார்த்த பார்வையிலேயே எந்தப் பலகை தேறும், எந்தப் பலகை அடுப்புக்கு என்று சொல்லிவிடுவார். ஆணி பிடுங்கும்போது பலகை பிளக்காது. எனக்கு அந்தக் கை பிடித்துக்கொண்டது. இவருக்கும் எனக்கும் நடுவே ஓடியது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு, மிச்சம் கைச்சாடை. அவர் சொன்னதை நான் என்னுடைய தமிழில்தான் எழுத முடியும்.

யார்ட்டில் இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் அவரைச் 'சீன அண்ணை' என்று கூப்பிடத் தொடங்கினான். மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் அலவாங்கைக் கீழே வைத்துவிட்டு வந்து, தான் சீனன் இல்லை, மஞ்சு என்றார். அவன் சிரித்தான்.

"மஞ்சு எண்டால் எங்கட பக்கம் பொம்பிளைப் பிள்ளைக்கு வைக்கிற பேர் அண்ணை."

நான் அதை மொழிபெயர்த்தேன். அவர் கோபிக்கவில்லை. அந்தப் பெயரை ஒரு அரசன் வைத்தான், வைத்து நானூறு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அது எங்கே வந்து நிற்கிறது பார் என்றார். அன்றிலிருந்து யார்ட்டில் அவர் 'மஞ்சு அண்ணை'.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பலெட்டுகளை அடுக்கி மேசை போட்டிருப்போம். அந்த மேசையில்தான் எனக்கு அவருடைய ஆட்களின் கதை முழுவதும் கிடைத்தது. பிடுங்கிய வளைந்த ஆணிகளைச் சட்டையில் துடைத்து, பலகைமேல் ஒவ்வொன்றாக வைத்துச் சொல்லுவார். இந்த ஆணி பெருஞ்சுவர். இது கடல். சுவரும் கடலும் சந்திக்கிற இடத்தில் ஒரு வாசல். வாசலுக்கு வெளியே, வடகிழக்கே, குளிர்க் காட்டில் இவருடைய முன்னோர். அப்போது அவர்களுக்கு ஜுர்சென் என்று பெயர். விலங்குத் தோலும் ஜின்செங் கிழங்கும் ஆற்று முத்தும் விற்றுப் பிழைத்த குலங்கள். உள்ளே மிங் அரசர்கள். ஒரு குலத்தை இன்னொரு குலத்தோடு சண்டைக்குக் கொளுவிவிட்டு, யாரும் நிமிராமல் பார்த்துக்கொள்வது அவர்களுடைய வேலை. ஒரு நாள் கோட்டைச் சண்டை ஒன்றில் ஒரு இளைஞனின் தகப்பனையும் பாட்டனையும் மிங் படை கொன்றுவிட்டது. பிழையாக நடந்தது என்று சொல்லிப் பிணங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவனுக்கு மிஞ்சியது பதின்மூன்று இரும்புக் கவசம்.

பதின்மூன்று ஆணியைத் தனியே எடுத்து வரிசையாக வைப்பார். இதோடு தொடங்கினான் என்பார். அந்த இடம் வரும்போதெல்லாம் என் முதுகு நிமிர்ந்துவிடும். ஒரு அலவாங்கோடு தொடங்கியவனுக்கு அந்த ஆளைத் தெரியும், நேரே தெரியும். முப்பது வருடம் குலம் குலமாகச் சண்டைபோட்டும், பெண் எடுத்தும் பெண் கொடுத்தும், எல்லாரையும் ஒன்றாக்கினான். எழுத்து இல்லாத சனத்துக்கு மங்கோலியருடைய எழுத்தை எடுத்து வளைத்து எழுத்துச் செய்வித்தான். நானும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பிரெஞ்சுக்காரனோடு வியாபாரம் செய்தவன் அல்லவா. இவன் என் சாதி என்று மேசையில் தட்டினேன். மஞ்சு அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி, நீயும் தலைவன்தான், முதலில் கழிப்பறைக் கதவைத் திருத்து என்றார்.

அந்தத் தலைவன் தன் சனத்தை எட்டுக் கொடியாகப் பிரித்தான். ஆணும் பெண்ணும் குழந்தையும் ஏதோ ஒரு கொடிக்குக் கீழே. போர், கலியாணம், நிலம் எல்லாம் அந்தக் கொடி வழியாக. பிறக்கும்போதே நீ எந்தக் கொடி என்பது முடிந்துவிடும். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் மட்டக்களப்புக் குடி முறைதான் நினைவில் வந்தது. எங்களிலும் கோயிலில் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்பது பிறக்கும்போதே முடிந்துவிடும். ஒரு வேறுபாடு உண்டு என்று அவருக்குச் சொன்னேன். எங்களுக்குக் குடி தாய் வழி. நான் என் தாயின் குடி. என் பிள்ளைகள் என் மனைவியின் குடி. வீடும் பெண்ணுக்குத்தான். அவர் சோற்றை வாயில் வைத்தபடி நம்பாமல் பார்த்தார். அப்படியென்றால் நீ பாடுபட்டது யாருக்கு என்று கேட்டார்.

கதையின் மிச்சத்தை அவர் எப்போதும் வேகமாகச் சொல்லிவிடுவார். தலைவனின் மகன் தன் சனத்துக்கு மஞ்சு என்றும், அரசுக்குச் சிங் என்றும் பெயர் வைத்தான். அவன் செத்து அடுத்த வருடமே உள்ளே கலகம்; கலகக்காரர் தலைநகரத்தைப் பிடித்தார்கள்; வாசலைக் காத்த மிங் தளபதி யாரோடு சேருவது என்று யோசித்து, வாசலை இவர்களுக்குத் திறந்துவிட்டான். சண்டைபிடித்து உடைக்க முடியாத வாசல் உள்ளேயிருந்து திறந்தது. ஆறு வயதுக் குழந்தையைச் சிம்மாசனத்தில் வைத்து, சிற்றப்பன் ஆண்டான். முன்தலையை மழித்துப் பின்னல் போடாத ஆணின் தலை போகும் என்று சட்டம் போட்டார்கள். கொடிக்காரரை நகரங்களுக்குள் தனிச் சுவர் கட்டிக் குடியேற்றினார்கள். உழக்கூடாது, வியாபாரம் செய்யக்கூடாது, வில்லும் குதிரையும் மட்டும். இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆண்டார்கள். அரசன் மாறி அரசன், உங்கள் பேச்சை மறக்காதீர்கள், வில்லை மறக்காதீர்கள் என்று கட்டளை போட்டுக்கொண்டே இருந்தான். கட்டளை போட வேண்டி வந்தபோதே அது போய்விட்டது என்றுதானே அர்த்தம். கடைசியில் முடியை இறக்கி வைத்ததும் ஒரு ஆறு வயதுக் குழந்தை.

நான் விடவில்லை. தோற்றது பிறகு, முதலில் வென்றீர்களே, ஒரு பிடி ஆட்கள் அவ்வளவு பெரிய நாட்டைப் பிடித்தீர்களே என்றேன். அவர் வாசலாக வைத்திருந்த இரண்டு ஆணிகளையும் விரலால் விலக்கினார்.

"கதவு திறந்தது. நாங்கள் உள்ளுக்குப் போனம். பேந்து எங்களைக் காணேல்லை."

சொல்லிவிட்டு ஆணிகளை அள்ளி வாளியில் போட்டார். அவருக்கே மஞ்சுப் பேச்சில் இருபது சொல்கூடத் தெரியாது. தகப்பனுக்கு, தாய்க்கு, மரத்துக்கு, வில்லுக்கு, கயிற்றுக்கு என்று சில.

கயிறு யார்ட்டுக்கு வந்தது அவருடைய மகளால். மகளும் மருமகனும் புரோசார்ட்டில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தார்கள்; இவர் அவர்களோடு. கயிற்றைப் போட்டு வைத்த, புகை மணக்கிற பழைய துணிப்பை ஒன்றைப் படுக்கையறைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார் என்றும், குழந்தை பிறக்கப்போகிற வீட்டில் அது வேண்டாம் என்றும் அவள் சொல்லிவிட்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எங்கள் சாப்பாட்டுக் குடிலின் மேற்குச் சுவர் வேண்டும் என்றார். மஞ்சு வீட்டில் மேற்குச் சுவர்தான் முன்னோருக்கு. அதன் கீழே யாரும் உட்காரவும் மாட்டார்கள். மேற்குச் சுவரில் எங்கள் மைக்ரோவேவ் இருந்தது, எடுத்துவிட்டேன். பையோடு நின்று பார்த்துவிட்டு, இது மேற்கு இல்லை என்றார். இந்த ஊரில் தெருப்பலகை சொல்லுகிற மேற்கு ஒன்று, சூரியன் மறைகிற மேற்கு இன்னொன்று. வந்த நாளிலிருந்து நான் கவனிக்காததை அவர் கவனித்திருக்கிறார். ஒரு கிழமை, ஏழு நாளும், வேலை முடிந்து வாசலில் நின்று சூரியனைப் பார்த்து, கடைசியில் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே நான் ஆணி அடித்தேன். மைக்ரோவேவ் திரும்பவும் தன் இடத்துக்குப் போனது.

பனி கரைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னோருக்கு வசந்தத்தில் கயிறு இழுக்கிற முறை ஒன்று உண்டு என்று என்னை மட்டும் வரச்சொன்னார். கால்வாய்க்கரையில் கிளை தொங்கி நிற்கிற வில்லோ மரத்திலிருந்து ஒரு கிளை வெட்டி வந்திருந்தார். அதைப் பலெட் அடுக்கின் இடுக்கில் நட்டு, பையைத் திறந்து, கயிற்றின் ஒரு முனையை அந்த மூலை ஆணியில் கட்டி, மறுமுனையை வாசல் வழியாக வெளியே இழுத்துக் கிளையில் கட்டினார். அப்போதுதான் அதை முழுதாகப் பார்த்தேன். ஆண் பிறந்தால் விரல் நீள வில் ஒன்று. பெண் பிறந்தால் நிறத்துணித் துண்டு ஒன்று. ஒரு தலைமுறை முடிந்தால் ஒரு பெரிய முடிச்சு. ஒன்பது தலைமுறை. பெயர் எதுவும் இல்லை. கடைசி மூன்று தலைமுறையின் பெயர்கள்தான் அவருக்குத் தெரியும், அதற்கு மேலே வெறும் வில்லும் துணியும். கயிற்றோடு நடந்துகொண்டே சொன்னார். ஒரு மங்கிய சிவப்புத் துண்டில் நின்றார். இது பாட்டனின் அக்கா. அரசு விழுந்த வருடத்தில் சில நகரங்களில் கொடிக்காரரைத் தேடித் தேடிக் கொன்றார்கள். சீனப் பெண்கள் சிறுவயதிலேயே பாதத்தைக் கட்டிச் சின்னதாக்குவார்கள், மஞ்சுப் பெண்கள் கட்டுவதில்லை. அவளைப் பாதத்தைப் பார்த்துத்தான் பிடித்தார்கள். பாட்டன் பெயரைச் சுருக்கிச் சீனப் பெயராக்கிக்கொண்டு, இந்தப் பையை மாவு மூட்டைக்குள் வைத்துத் தப்பினார்.

அவருடைய தலைமுறையில் நாலு வில். மூன்று பேர் பஞ்சத்தில் போனார்கள். அதன் பிறகு ஒரு முடிச்சு, ஒரே ஒரு சிவப்புத் துணி, மகள். அதற்குப் பிறகும் கயிறு கிடந்தது. கை விரித்து அளந்தால் இரண்டு பாகம் இருக்கும், வெறுமையாக. முதலில் திரித்தவன் எவ்வளவு நம்பியிருந்தால் அவ்வளவு நீளம் திரித்திருப்பான் என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண். அவர் இனிப்புக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். கயிற்றில் என்ன நிறம் கட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். கட்ட முடியாது என்றார். மகளின் பிள்ளை மருமகனின் குலம். இந்தக் கயிற்றில் அவளுக்கு இடமில்லை. தன்னோடு முடிந்தது. அதை அவர் பலகை தரம் பிரிக்கிற குரலில்தான் சொன்னார், இது அடுப்புக்கு என்கிற மாதிரி.

எனக்கு ஆத்திரம் வந்தது. எங்களில் என் மகளுடைய பிள்ளைதான் என் வீட்டுக்காரியின் குடி, மகனுடைய பிள்ளைதான் வெளியே போகிறவன் என்றேன். அது உங்கள் ஊரில் என்றார். மாதக்கணக்கில் இதே வாக்குவாதம். வேலை செய்கிறவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். யாழ்ப்பாணத்துத் தம்பி அவர் பக்கம். "தகப்பன் வழிதான் வழி, நீங்கள் மட்டக்களப்பார் எல்லாம் தலைகீழ்" என்று என்னைச் சீண்டினான். நான் விடவில்லை. கடைசியில் ஒரு நாள் ஆணியெல்லாம் எடுத்து அவர் முறையிலேயே மேசையில் வைத்தேன். வாசலை வைத்தேன். சொன்னேன்:

"அண்ணன், முழு நாடும் உங்கட சட்டத்தைக் கேட்ட காலத்தில அதைக் கட்டிக் காத்தீங்கள். இப்ப ஒரு கயிறுதான் மிச்சம். அதுக்கும் காவல் போட்டு என்ன செய்யப் போறீங்கள்? உள்ளுக்கிருந்து நீங்கள்தான் திறக்கோணும்."

அவர் வாசல் ஆணிகள் இரண்டையும் விரலால் விலக்கினார். துணி ஒன்று கொண்டுவருகிறேன் என்றார்.

அதற்குள் நான் வில்லைச் செய்துவிட்டேன். சீனாவிலிருந்து வந்த பலெட் ஒன்றின் பலகை. என்ன மரமோ தெரியாது, சீவும்போது புளித்த மணம். இரண்டு மாலை உட்கார்ந்து பேனாக்கத்தியால் செதுக்கினேன். நாணுக்குத் தூண்டில் நரம்பு. இரண்டு முனையிலும் நான் போட்டது வலை பின்னுகிறவர்கள் போடுகிற முடிச்சு. எங்கள் வாவிக்கரையில் அதைக் கைப்பழக்கத்தில் போடுவார்கள், இழுக்க இழுக்க இறுகும். அவர் வில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வில் ஆணுக்கு, பெண்ணுக்குத் துணி என்று சொல்லவில்லையா என்று கேட்டார். சொன்னது நினைவிருந்தது, ஆனாலும் நான் வில்தான் செய்தேன். எங்களில் வீட்டுக்கு உரிமைக்காரி பெண், வில் அவளிடம் இருக்கட்டும் என்றேன். அவர் கொண்டுவந்த சிவப்புத் துணியைச் சட்டைப்பையில் திரும்ப வைத்தார். அடுத்த வசந்தத்தில், அதே மாதிரிக் கிளை நட்டு, கயிறு இழுத்து, வெறுமையாகக் கிடந்த இடத்தில் அவரே அதைக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, ஒன்பது தலைமுறையில் பெண்ணுக்குக் கட்டிய வில் இது ஒன்றுதான் என்றார். சிரித்த மாதிரி இருந்தது. அழுதாரோ தெரியாது; காற்று அடித்துக்கொண்டிருந்தது.

பேத்தியைக் கூட்டிவந்து காட்டவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார். மகள் ஒவ்வொரு வருடமும் பேந்து, பிறகு பார்ப்போம் என்றாள். பிறகு அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்து, ஒரு பனிக்காலத்தில் போனார். பேத்தி அந்தச் சுவரைப் பார்க்கவே இல்லை.

இனி எழுதுவதை நான் பெருமையாக எழுதவில்லை. யார்ட்டை மூடுகிற காலத்தில் பையை அவருடைய மகளிடம் கொடுத்தேன். சில மாதம் கழித்து அவள் என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், அப்பாவுக்கு நீங்கள்தான் பழக்கம், இதை நீங்கள் வைச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டாள். புரோசார்ட் வீட்டில் எனக்கு மேற்குச் சுவர் இருந்தது. ஒரு ஆணிதான் வேண்டும். ஆனால் வேறொரு குலத்தின் முன்னோரைத் தன் வீட்டுச் சுவரில் வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. எந்தக் குடிக்கு எந்தப் படையல் என்று பார்த்துப் பழகிய சனம் நாங்கள். பிழையாக வைத்தால் பிள்ளைகளுக்குக் கூடாது என்று என் மனைவி சொன்னாள், நானும் அதையே நம்பினேன். அவருடைய சட்டத்தை உடைக்கச் சொல்லி மாதக்கணக்கில் வாதாடியவன், என் சட்டம் என்று வந்ததும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இப்படிப்பட்ட சாமானைக் கவனமாக வைக்கிற இடங்கள் இருக்கின்றன, அங்கே கொடு மகள் என்றேன். அவள் கொடுத்துவிட்டாள்.

போன மாதம் மெட்ரோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். கயிற்றை வட்டமாகச் சுருட்டி, கடைசிப் பாகம் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். மிச்ச வெறுங்கயிறு சுருளுக்கு அடியில். அட்டையை அங்கே நின்ற ஒரு பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்தேன். கடைசி வில், அந்தக் குலத்தின் கடைசி ஆண் குழந்தையைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது என்று எழுதியிருக்கிறது. அப்படி ஒரு ஆண் குழந்தை இல்லை. பிறக்கவே இல்லை. இல்லாத ஒருவனை எழுதி, இருக்கிற ஒருத்தியை அழித்துவிட்டார்கள். வாசலடி வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டாள். சாமானைக் கொடுத்தவர் எழுதித் தரவேண்டும் என்றாள்.

மஞ்சு அண்ணையின் மகளைக் கூப்பிட்டேன். "விடுங்கோ அங்கிள், அவளுக்கு இதொண்டும் தெரியாது" என்றாள். தெரியாவிட்டால் சொல்லு என்றேன். பேந்து சொல்லுறன் என்றாள். அந்தப் பேந்து எனக்குத் தெரிந்த பேந்து. பேத்தியையே புரோசார்ட் கடைத்தொகுதியில் ஒரு நாள் கண்டேன், சிநேகிதிகளோடு. உயரமாக வளர்ந்திருக்கிறாள், மணிக்கட்டு அவருடையது. உன் பேரில் ஒரு வில் இருக்கிறது என்று சொன்னேன். பிரெஞ்சில் சொன்னேன், என்னுடைய பிரெஞ்சில். அவள் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். 'மெர்சி, முசியே' என்றாள். நகரும் படிக்கட்டு அவர்களை மேலே கொண்டு போனது.

எனக்கு இப்போது எதையும் திரும்பக் கட்டும் நம்பிக்கை இல்லை. அந்தக் கயிற்றில் இனி யாரும் எதுவும் கட்டமாட்டார்கள். கண்ணாடிக்குள் கைவைக்க விடமாட்டார்கள், வைக்கிறவரும் இல்லை. என் வீட்டிலும் அதே கதைதான், அங்கே தொங்குவதற்கு ஒரு கயிறுகூட இல்லை. பதின்மூன்று கவசத்தோடு தொடங்கியவனுக்கு முடிந்த மாதிரியே எனக்கும் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம், அதையும் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் ஒன்றை மட்டும் விடமாட்டேன். அந்த அட்டையை மாற்றுங்கள். கடைசி வில் ஒரு பெண்ணுக்கு, அவள் பெயர் தெரியும், இங்கேதான் இருக்கிறாள், அவளுடைய தாய்வழிப் பாட்டன் தன் கையால் கட்டினார் என்று எழுதுங்கள். பலெட் பலகையில் அதைச் செதுக்கியவன் மட்டக்களப்பான் ஒருவன் என்று எழுதுங்கள். நம்பாவிட்டால் நாண் முடிச்சை யாராவது வலைக்காரனிடம் காட்டுங்கள். தன் வீட்டில் ஒரு ஆணி அடிக்க மறுத்து அதை இங்கே அனுப்பியவனும் அவனே என்று எழுதுங்கள். செதுக்கியதும் அனுப்பியதும் என் வேலை. இரண்டிலும் என் பெயரைப் போடுங்கள்.